குதிரைக் காதில் சொன்னது

நெடுங்கரம்பையில் தையல்காரர் அடைக்கலத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே நடக்கத் தொடங்கிய காலை, அவர் மனைவி மீனாள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடும் சத்தம் பாதித் தையலில் நின்றது. "ஏ மீனா, காலு எங்கயோ போவுது, நான் போயிட்டு வந்துர்றேன்" என்ற குரல் வாசலைத் தாண்டித் தெருவில் தேய்ந்தது. புளிக்கையோடு அவள் ஓடிவந்து பார்த்தபோது, அவர் இடுப்புக்கு மேலே வீட்டைப் பார்த்துத் திரும்பிக் கை காட்டிக்கொண்டும், இடுப்புக்குக் கீழே கிழக்கே பார்த்து விறுவிறுவென்று நடந்துகொண்டும், ஊருணிக்கரையில் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்கள். அந்த மாதம் நெடுங்கரம்பையில் யாருக்கும் அதிசயப்பட நேரமில்லை.

அது நடந்த விதம் இதுதான். ஊருக்குக் கிழக்கே, கண்மாயைத் தாண்டி, சீமைக்கருவேலக் காட்டுக்குள் ஒரு சுட்டமண் கோயில் இருந்தது. அதில் கல் கிடையாது, சிமெண்டு கிடையாது. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும், உள்ளே உட்கார்ந்திருக்கும் அய்யனாரும் அவருடைய மீசையும், பக்கத்துக்கு ஒருவராக அவருடைய இரண்டு பெண்டாட்டிகளும், காவல் பூதமும், பூதத்தின் நாயும், வாசலில் இரண்டு வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஆளுயரக் குதிரைகளும், எல்லாமே கண்மாய் மண்ணைப் பிசைந்து சூளையில் சுட்டவை. குதிரைகளின் உள்ளே வெறும் கூடு. வேண்டுதல் உள்ளவர்கள் குதிரையின் காதில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். சொன்னது மெல்ல மெல்ல வயிற்றில் இறங்கும், வயிற்றிலிருந்து சாமிக்குப் போகும், காரியம் நடந்தால் ஒரு புதுக் குதிரை செய்து எடுத்துவிட வேண்டும். இப்படித்தான் அங்கே குதிரை பெருகியது. பிறகு தார்ரோடு ஊருக்கு மேற்கே வந்தது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய மாரியம்மன் கோயில் வந்தது, அதில் மைக்செட்டும் வந்தது. மைக்செட் இருக்கிற சாமியை விட்டுவிட்டு முள்ளுக்குள் நடந்துபோய்க் குதிரைக் காதில் கிசுகிசுக்க யாருக்கு மனசு வரும்? ஆள் வரத்து நின்றதும் குளவிகள் வந்தன. ஒரு காது விடாமல் மண் கொண்டுவந்து அடைத்துக் கூடு கட்டின.

சிங்கப்பூரில் இருக்கும் இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் குலதெய்வத்தைப் பார்க்க வருகிறார், பார்த்தால் கோயிலை எடுத்துக் கட்டித்தருவார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியதும், இளைஞர் மன்றத்துப் பையன்கள் முள்ளை வெட்டினார்கள், புற்றை ஒதுக்கினார்கள், குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். குளவிக்கூட்டை உடைக்கக் கூடாது என்று எந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அவசரத்தில் அதையும் மறந்து, காதுக்குள் குச்சியை விட்டு அத்தனை கூட்டையும் நோண்டி எடுத்து, தண்ணீரையும் ஊற்றிவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பெரியவர் வரவில்லை. ஆனால் காதுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இத்தனை காலமாகச் சிக்கிக் கிடந்த வேண்டுதல்கள் எல்லாம் ஈரத்தோடு ஈரமாக உள்ளே இறங்கிவிட்டன. அய்யனாரும் சும்மா இருப்பவர் இல்லை.

முதலில் பெரியண்ணனின் ஆடு வந்தது. அவர் கல்யாணத்துக்கு முன்னால் தொலைத்த வெள்ளாட்டங்குட்டி, அதே மணி, அதே குட்டிப் பிராயம், நேராக வந்து பழைய தொழுவம் இருந்த இடத்தில் இப்போதிருக்கும் ஹாலுக்குள் நுழைந்து டிவிக்கு முன்னால் நின்றது. மறுநாள் எழுபதைத் தொட்ட கருத்தானுக்கு, அரும்பு வயதில் அவர் கேட்டிருந்த கன்னங்கரேல் மீசை ஒரே ராத்திரியில் முளைத்துக் கடைவாய்ப் பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. பொய்ப்பல்லும் அந்த மீசையுமாக அவர் டீக்கடைக்கு வந்தபோது, அவர் சம்சாரம் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கமாக இருக்கிறது என்று முகத்தை மூடிக்கொண்டாள், ஆனால் மழிக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மழை கொட்டியது. தலைமையாசிரியை மங்கையர்க்கரசி டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு, இதைக் கேட்ட பிள்ளை எது என்று ஒரு வாரம் விசாரித்து, கடைசியில் ஒன்பது வயதில் தான்தான் கேட்டோம் என்று ஞாபகம் வந்து, பரீட்சைத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நனையப் போய்விட்டார்.

ஊர் இதையெல்லாம் உட்கார்ந்து பேசியது. எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாமதமாக வந்த வரத்துக்கு நேர்த்திக்கடன் உண்டா இல்லையா என்பதுதான் பிரச்சினை. மீசைக்கு ஒரு முழுக்குதிரை அநியாயம் என்றார் கருத்தான். ஆட்டைத் திருப்பித் தந்த சாமிக்கு அதே ஆட்டை வெட்டலாமா என்று பெரியண்ணன் தரப்பில் கேட்டார்கள். பேச்சு அந்தி மட்டும் இழுத்து, சாமி நிதானமாகக் கொடுத்திருப்பதால் நாமும் நிதானமாகச் செய்வோம், ஆனால் செய்யாமல் இருக்கக் கூடாது என்று முடிவானது. எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். ஊரே கல்யாணவீட்டுக் களையில் இருந்தது. தெருவில் பார்த்தவரை எல்லாம் பிடித்து நிறுத்தி உனக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொண்டு, வேலைவெட்டி ஓடாமல், பசித்தால்கூட யார் வீட்டில் உலை கொதிக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொண்டார்கள்.

அடைக்கலத்தின் கால்களையும் அவர்கள் இப்படியே ஏற்றுக்கொண்டார்கள். முதல்நாள் கால்கள் கண்மாய்க்கரை வரை போய் நின்றன, யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அடுத்த நாள் பக்கத்து ஊர். அதற்கடுத்து அறந்தாங்கி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தூரம் கூடியது. அவர் கிழக்கே போகிறார் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வாசலில் காத்திருந்து, வரும்போது ஒரு பிரஷர் மாத்திரை, வரும்போது மோட்டாருக்கு ஒரு பெல்ட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் நடந்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நடந்தபடியே பேசி, எதிரே வருகிறவரின் சட்டைத் தையல் சரியில்லை என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பேச்சு இருந்தால் போதும். நேற்று கால்கள் கடற்கரை வரை போய்விட்டன. அலையில் முழங்கால் நனைந்தபிறகுதான் நின்றனவாம். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க இருட்டிவிட்டது. "இன்னம் ரெண்டு எட்டு வச்சிருந்தேன்னா இலங்கைதான்" என்று சொல்லி அவர் சிரித்தார். இப்படி ஒருத்தரை நடந்து போகச்சொல்லி எந்த மகராசி வேண்டிக்கொண்டாளோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மீனாள் சிரிக்கவில்லை. அந்த மகராசி யார் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் முடிந்து குலசாமி கும்பிட அவளை அந்த அய்யனார் கோயிலுக்கு அழைத்து வந்த நாளில் நடந்தது அது. அவளுக்குப் பத்தொன்பது வயது. பொங்கல் வைக்கிற புதுப்பெண் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்று விடியற்காலையில் சொன்னவர்கள், பொங்கல் பொங்கிக் கிடாய் வெட்டிப் பந்தி போட்டபிறகு, அவளைச் சாப்பிடச் சொல்ல மறந்துபோனார்கள். புகைக்குள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே அவள் பந்தியைப் பார்த்தாள். மாப்பிள்ளை முதல் பந்தியிலும் இருந்தார், இரண்டாவது பந்தியிலும் இருந்தார், எலும்பைக் கடித்தபடி பக்கத்தில் இருந்தவர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். சோறு தீர்ந்து அண்டாவைக் கவிழ்த்த சத்தம் கேட்டபோது அவள் எழுந்துபோய், கடைசியாக நின்ற குதிரையின் காதைப் பிடித்து இழுத்து, இந்த ஆள் என் கண்ணில் படாமல் எங்கேயாவது நடந்து போய்விடட்டும், போனால் உனக்கு ஒரு குதிரை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னாள். மறுவாரம் அதை மறந்தும் போனாள். அதற்குப்பிறகு ஒரு மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய், வீட்டில் இவர்கள் இரண்டுபேர் மட்டும் என்று ஆகி, அவர் வாய் ஓயாமல் பேசுவதும் மிஷின் ஓடுவதும் இல்லாவிட்டால் கரண்டு போன வீடுபோல அவளுக்குத் திக்கென்று ஆகும் நாளும் வந்துவிட்டது. இப்போது அவர் கடலைத் தொட்டுவிட்டார். இன்றைக்கு எங்கே போவாரோ, யார் கூட்டிவருவாரோ என்று நினைத்தபடி அவள் விடிவதற்குள் எழுந்துவிட்டாள்.

அய்யனார் கோயில் பூசாரி சாத்தையா வேளார். பூசை நின்றதிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் மீனாள், எனக்குத் தெரிந்த ஒருத்தி ஒரு வேண்டுதலைத் திருப்பி வாங்க வேண்டுமாம், எப்படி என்று கேட்டாள். அவர் யாரென்று கேட்கவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

"சொன்ன வாயி போயி, கேட்ட காதுல சொல்லணும் ஆயி. வேற வாயி சொன்னா ஏறாது. அது நடந்து முடியிறதுக்குள்ள போகச் சொல்லு."

அவள் வழக்கம்போலப் புளிச்சோறு கட்டித் துவையலும் வைத்து அடைக்கலத்தின் தோளில் பையை மாட்டிவிட்டு, அவர் கால்கள் கிளம்புவதற்கு முன்னால் கொல்லை வழியாக ஓடினாள். ஒருவேளை சொல் ஏறாவிட்டால் பழையபடி காதை அடைத்துவிடலாம் என்று கண்மாயில் இரண்டு கைப்பிடி களிமண்ணையும் அள்ளிக்கொண்டாள். அவசரத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வெயிலில் கோயில் ஈச்சம்பழ நிறத்தில் இருந்தது. ஓடுகள் சரிந்து, அய்யனாரின் ஒரு முழங்கால் உதிர்ந்து, பூதத்தின் தலையில் எருக்கு முளைத்திருந்தது. ஆனாலும் குளித்த குதிரைகள் புதுப்பிள்ளைகள்போலப் பளிச்சென்று நின்றன. கடைசிக் குதிரை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பிறகும் சிலர் குதிரை எடுத்திருந்தார்கள், சாயமெல்லாம் போய் எல்லாம் ஒரே முகமாகப் பல்லைக் காட்டின. அவள் ஒவ்வொன்றின் காதிலும் தன் காதை வைத்தாள். ஒன்றில் யாரோ ஒருவன் வாத்தியாருக்குக் கழிச்சல் வரவேண்டும் என்று வேண்டினான். ஒன்றில் ஒருத்தி திருவிழாவுக்கு வந்த நாதஸ்வரக்காரர் தன்னை ஒருதடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்றாள், அந்தக் குரல் இப்போது நாலு பேரன் எடுத்த குரல் என்று மீனாளுக்குத் தெரிந்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றில் கருத்தான் மீசையை எப்படி முறுக்க வேண்டும் என்பதை விவரமாக, இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் குதிரைகளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டு நின்றது. காதுக்குக் காது போகப்போக அவளுக்குக் கள் குடித்ததுபோலத் தலை லேசாகச் சுற்றியது, பயத்தோடு வந்தவள் பாதி வரிசையில் பயத்தை எங்கோ விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரிசை முடிய இன்னும் சில குதிரைகள் இருக்கும்போது, மூக்கு உடைந்த ஒரு குதிரையின் காதில் மூச்சு மட்டும் கேட்டது. அழுது முடித்த மூச்சு.

"யாரு, அத்தையா?" என்றது உள்ளிருந்த குரல்.

நான்தான்டி நீ என்று மீனாள் சொன்னாள். உள்ளே இருந்தவள் அதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவின் பெயர், இடது முழங்காலில் ஆட்டுக்கல்லில் விழுந்த தழும்பு எல்லாம் சொன்னபிறகு, சரி, எதற்கு வந்தாய் என்று கேட்டாள். கேட்டதைத் திருப்பி வாங்க வந்திருக்கிறேன் என்று மீனாள் தன் வாழ்க்கையை அவளுக்கு எடுத்துச் சொன்னாள். அந்த ஆள் மோசமில்லை, கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊருக்கே கதைசொல்லி நர்சுகளை வேலைசெய்ய விடாமல் பண்ணினார், ஒவ்வொரு பொங்கலுக்கும் யாருக்கும் தைக்காத மாதிரி கைவைத்து ரவிக்கை தைத்துத் தருவார். உள்ளே இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரா? இத்தன வருசத்துல ஒரு தடவ?"

மீனாள் வருஷம் வருஷமாகத் தேடிப் பார்த்தாள். தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எதிரே காதுக்குள் உட்கார்ந்து கேட்கிற தனக்கு எப்படிச் சொல்வது? சோறு போடு என்பார், உப்பு இல்லை என்பார், நீயும் உட்காரு என்றுகூட எப்போதாவது சொல்லியிருக்கலாம். அதை மட்டும் கேட்டதில்லை. இல்லை என்று அவள் சொன்னாள். அப்படியானால் போகட்டும் அந்த ஆள் என்றாள் உள்ளே இருந்தவள். மீனாள் களிமண்ணைக் கையில் உருட்டி அடைக்கப் போனாள்.

"அடச்சிராத. உள்ள இருட்டா இருக்கு. எனக்கு இன்னம் பசிக்குது."

கை அப்படியே நின்றது. அடைத்தால் அவர் வீட்டில் இருப்பார், இந்தப் பிள்ளை பசியோடு இருட்டில் நிற்கும். அடைக்காவிட்டால் அவர் போய்விடுவார். என்ன செய்வதென்று தெரியாமல் மீனாள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போது கருவேலங்காட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. அடைக்கலம் வந்துகொண்டிருந்தார். வழியில் ஆள் இல்லாததால் தன் கால்களிடமே பேசிக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நீ எங்கே இங்கே என்று ஆரம்பித்தார், கால்கள் நிற்காமல் அவளைத் தாண்டின.

மீனாள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தும் கால்கள் நிற்கவில்லை, ஆனால் வளைந்தன. அவள் கையை வைத்து அவரைக் கோயிலைச் சுற்றித் திருப்பிவிட்டாள். போக வேண்டும் என்பதுதானே கால்களுக்குக் கட்டளை, அவை சந்தோஷமாகக் கோயிலைச் சுற்றிப் போயின. ஒருசுற்று வந்து குதிரையைத் தாண்டும்போது, இது நல்ல ரோசனையா இருக்கே என்றார். அடுத்த சுற்றில், தலை சுற்றுகிறது ஆனால் பிடித்திருக்கிறது என்றார். அதற்கடுத்த சுற்றில் மீனாள் சொல்லிவிட்டாள்.

"ஒங்களப் போகச் சொன்னது நான்தான்."

அவர் பேசாமல் ஒரு சுற்றுப் போனார். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு சுற்றுத் தூரம் பேசாமல் இருந்ததை அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்து, எப்போது என்றார். பொங்கல் வைத்த அன்றைக்கு என்று அவள் சொல்வதற்குள் தாண்டிவிட்டார். அடுத்த சுற்றில் ஏன் என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை. கோயிலும் குதிரைகளும் அவரோடு சேர்ந்து சுழல்வதுபோல அவளுக்கு இருந்தது.

"பசி" என்றாள் மீனாள், மூக்குடைந்த குதிரையின் காதைக் காட்டி. "அவ இன்னம் உள்ளதான் நிக்கிறா."

அவர் போனார். அந்தச் சுற்று நீளமாக இருந்தது. அந்த நாளின் கிடாய்க்கறியைப் பற்றித்தான் அவர் இத்தனை வருஷமாகத் துணி தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த மாதிரிச் சோறு பிறகு தன் வாழ்நாளில் தின்றதில்லை என்பார், அவளும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தபடி கேட்டிருக்கிறாள். கோயிலுக்குப் பின்னால் அவர் காலடிச் சத்தம் தடுமாறியது. முன்பக்கம் வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கால்கள் இழுக்க இழுக்க, ஒரு கையால் குதிரையின் உடைந்த மூக்கைப் பற்றிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே போய்க்கொண்டும் இடுப்புக்கு மேலே நின்றுகொண்டும், அவளைக் கேட்கவில்லை, குதிரையின் காதில் குனிந்து கேட்டார்.

"நீ சாப்பிட்டியாத்தா?"

எல்லாக் குதிரைகளும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"இன்னம் இல்ல" என்றது குதிரை.

அவர் கால்கள் நின்றன. நின்ற வேகத்தில் அவர் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி தோள்பையை அவிழ்த்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, ஒரு உருண்டை உருட்டினார். காதுக்கு நீட்டுவதா வாய்க்கு நீட்டுவதா என்று குழம்பிய நேரத்தில், மீனாளுக்கு அடிவயிற்றில் ஒரு பசி வந்து இறங்கியது. அன்றைய காலைப் பசி இல்லை அது. குதிரைக்குள் வருஷக்கணக்காய் நின்ற பசி முழுதும் சேர்ந்து வீடு திரும்பியிருந்தது. அவள் அவர் கையிலிருந்ததை வாங்கித் தின்றாள். அடுத்ததைத் தானே எடுத்தாள். துவையலை வழித்தாள், இலையில் ஒட்டிய பருக்கையைப் பொறுக்கினாள், விக்கலுக்கும் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தாள். அடைக்கலம் அவள் எதிரில் உட்கார்ந்து, மெதுவாத்தா, மெதுவாத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்குடைந்த குதிரையின் காதில் மூச்சு இல்லை.

"இன்னம் இருக்கா?" என்றாள் மீனாள்.

அவர் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி எழுந்து, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் கால்களை ஆட்டிப் பார்த்து, அவை தன்னுடையவைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பானையில் சோறு இருக்கிறது, முட்டை இரண்டு உடைத்து ஊற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன், அசையாமல் இரு என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தார். பேசியபடியே கருவேலங்காட்டுக்குள் நுழைந்தார், பேச்சு கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் ஆளும் தெரியவில்லை, பேச்சும் கேட்கவில்லை.

கண்ணில் படாமல் நடந்து போய்விட்டார். மீனாளுக்கு அது மெல்ல உறைத்தபோது சிரிப்புத் தாங்கவில்லை. திருப்பி வாங்க வந்த வேண்டுதல் சொன்னது சொன்னபடி நிறைவேறிவிட்டது, இனி குதிரை எடுத்துவிடாமல் இருக்க முடியாது, ஊர்க்கூட்டத்தின் முடிவும் அதுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையோடு கொண்டுவந்த களிமண்ணை எடுத்துப் பிசைந்தாள். முதலில் வயிறு பிடித்தாள், நன்றாகப் பெரிய வயிறு. அப்புறம் நாலு கால். ஒரு குளவி வந்து, மிச்சமிருந்த மண்ணில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போனது. அவர் முட்டையோடு வருவதற்குள் காதை வைத்துவிட வேண்டும் என்று அவள் அவசரப்பட்டாள்.